வலியில் அலறுகிறவரை விட்டுவிட்டுத் தூங்குகிறவரை முதலில் பார்ப்பது எப்படிச் சரி?

கேள்வி: 9 ஜூலை 2025, இரவு 9.40

நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன், ஊர் தேவிபட்டினம் பக்கம். மாதிரித் தேர்வில் வந்த கேள்வி இது. காஷுவாலிட்டிக்கு ஒரே நேரத்தில் நாலு பேர் வருகிறார்கள். ஒருவர் இரண்டு கையும் வெந்து அலறுகிறார். ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர், தூங்குகிறார். ஒருவருக்கு வலிப்பு வந்து நின்றுவிட்டது, முழித்துப் பார்க்கிறார். நாலாவது ஒரு பெண், உயிரை விட முயன்றவரைக் காப்பாற்றிக் கூட்டி வந்திருக்கிறார்கள், பெரிய காயம் இல்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். யார் முதலில்? நான் தீக்காயம் என்று எழுதினேன். தப்பு என்று போட்டுவிட்டார்கள். துடிக்கிறவரை விட்டுவிட்டுத் தூங்குகிறவரைப் பார்ப்பது நியாயமா?

9 ஜூலை, இரவு 11.15

தூங்குகிறவர்தான் முதலில், தங்கச்சி. இந்த ராமநாதபுரம் கடற்கரையில் 22 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். தலையில் அடிபட்டவர் "தூங்குகிறார்" என்று யாராவது சொன்னால் அந்த வார்த்தையை நம்புவதில்லை.

ராமேஸ்வரம் சாலையில் உச்சிப்புளி தாண்டி விழுந்த ஒரு பையனை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். கூட வந்தவர்கள் சொன்னது: "விழுந்ததும் எந்திரிச்சு நல்லாத்தான் பேசினான் சிஸ்டர். கொஞ்சம் குடிச்சிருக்கான், தூங்கட்டும்." குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அந்தக் குறட்டை தூக்கத்தின் சத்தமில்லை, நாக்கு பின்னால் விழுந்து மூச்சுப் பாதையை அடைக்கும் சத்தம். தலையைப் பின்னுக்குச் சாய்க்காமல், கழுத்தை அசைக்காமல், தாடையை மட்டும் முன்னால் தூக்கினோம், குறட்டை நின்றது. அப்புறம் கண்ணில் டார்ச் அடித்தால் வலது கண் பாப்பா பெரிதாக விரிந்து கிடந்தது, வெளிச்சத்துக்கு அசையவில்லை. விழுந்ததும் நன்றாகப் பேசி, பிறகு மெல்ல மயங்குவதுதான் மண்டை ஓட்டுக்கு அடியில் ரத்தம் சேர்வதன் குணம். அந்த நடு நேரத்தைத்தான் ஜனங்கள் "சரியாயிட்டான்" என்று நினைத்துவிடுகிறார்கள்.

அலறுகிறவருக்கு மூச்சுப் பாதை திறந்திருக்கிறது, ரத்தம் மூளைக்குப் போகிறது. அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார். தூங்குகிறவருக்காகச் சொல்ல யாருமில்லை, நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

10 ஜூலை, காலை 6.20

டூட்டி முடிந்து வந்து நேற்று எழுதியதைப் படித்தேன். ஒரு இடத்தைத் திருத்த வேண்டும். "அலறுகிறவருக்கு மூச்சுப் பாதை திறந்திருக்கிறது" என்பது அந்த நிமிடத்துக்கு மட்டும் உண்மை. தீக்காயத்தில் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. முகம் வெந்திருக்கிறதா, மூக்கு முடி கருகியிருக்கிறதா, எச்சிலில் கரி வருகிறதா, குரல் கரகரக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் ஏதாவது இருந்தால் தொண்டை உள்ளே வீங்கிக்கொண்டிருக்கலாம். நன்றாகப் பேசுகிறாரே என்று விட்டால், டியூப் போடக்கூட வழியில்லாமல் அடைத்துவிடும். உன் கேள்வியில் கை மட்டும்தான் வெந்தது, அதனால் விடை மாறாது. "மூடின அறையில்" என்று ஒரு சொல் சேர்த்திருந்தால், புகை உள்ளே போயிருக்கும் என்பதால், மாறியிருக்கலாம்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மதுரைக்கு அனுப்பினோம், ஆபரேஷன் ஆகித் திரும்பினான். இப்போது சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறான்.

12 ஜூலை, இரவு 10.05

தலைக்காயத்தில் எண் போடுவது எப்படி என்று கேட்டிருந்தார்கள். கிளாஸ்கோ கோமா ஸ்கேல், நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளப்பது, 1974ல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் இருவர் கொண்டுவந்தது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. மிகக் குறைவு 3. எட்டும் அதற்குக் கீழும் என்றால் மூச்சுப் பாதையை அவரால் காத்துக்கொள்ள முடியாது, டாக்டரை ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும். மொத்தத்தை மட்டும் எழுதாதே. மூன்றையும் தனித்தனியாக எழுது. "நேற்று பேச்சு 5, இன்று 4" என்பதில் இருக்கும் சேதி வெறும் 14ல் இல்லை.

பிரஷர் ஏறி, பல்ஸ் குறைந்து, மூச்சு தாறுமாறானால் மண்டைக்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விட்டது. பிரஷர் நன்றாக ஏறியிருக்கிறதே என்று சந்தோஷப்பட்ட ஒரு புது நர்ஸை எனக்குத் தெரியும். நல்ல பெண், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

13 ஜூலை, மாலை 4.30

தீக்காயம் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இது எங்கள் மாவட்டத்தின் காயம்.

சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போடுவார்கள். விறகை அடுக்கி, தழை போட்டு, மண் பூசி, நாள்கணக்கில் உள்ளே கனிய விடுவது. எங்கேயாவது புகை பீறிட்டால் மேலே ஏறி மண் போட்டு அடைக்க வேண்டும். அப்போது கால் உள்ளே இறங்கிவிடும். அப்படி வந்த ஒரு பெரியவர் முழங்கால் வரை வெள்ளையும் கருப்புமாகத் தோல் காய்ந்த நிலையில் அமைதியாக உட்கார்ந்து, "வலியே இல்ல தாயி, வீட்டுக்குப் போகட்டா" என்று கேட்டார். தோலின் முழு ஆழமும் வெந்தால் நரம்பு நுனியும் வெந்துபோகும், வலி தெரியாது. பக்கத்துப் படுக்கையில் டீ கொட்டிய சிறுவன் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான், அவனுக்குப் பத்து நாளில் ஆறியது. பெரியவருக்கு மாதக்கணக்கானது.

வீட்டில் செய்ய வேண்டியது குழாய்த் தண்ணீர் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். பேனா மை, பற்பசை, மாவு, முட்டை, எண்ணெய் எதுவும் வேண்டாம். அதைச் சுரண்டி எடுப்பதே எங்களுக்கு முதல் வேலையாகிறது, அந்த வலி தீயை விட மோசம். மெட்டி, வளையல், மோதிரம், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் உடனே கழற்ற வேண்டும், வீங்கினால் அதுவே விரலைக் கொல்லும். தாலியைக் கழற்ற மாட்டேன் என்பார்கள். கழுத்து வெந்திருந்தால் அம்மாவையோ மாமியாரையோ கூப்பிட்டு அவர்கள் கையாலேயே எடுக்கச் சொல்வேன், மறுத்தவர்கள் குறைவு. தண்ணீர் ஊற்றி முடித்ததும் சுத்தமான பருத்தி வேட்டியோ சேலையோ சுற்றி உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டும். வெந்த தோலால் உடல் சூட்டைப் பிடித்து வைக்க முடியாது.

இனி கணக்கு. உடம்பில் எத்தனை சதவீதம் வெந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்: தலை 9, ஒவ்வொரு கையும் 9, முன்புற உடம்பு 18, பின்புறம் 18, ஒவ்வொரு காலும் 18, மிச்சம் 1. அறுபது கிலோ ஆள், 30 சதவீதம் வெந்திருக்கிறது என்றால், ஒரு கிலோவுக்கு ஒரு சதவீதத்துக்கு 4 மி.லி. வீதம், முதல் 24 மணி நேரத்துக்கு 4 × 60 × 30 = 7,200 மி.லி. ரிங்கர் லாக்டேட், அதாவது டிரிப்ஸில் ஏற்றும் உப்புத் திரவம். அதில் பாதி, 3,600, முதல் 8 மணி நேரத்தில். அந்த 8 மணி தீப்பட்ட நேரத்திலிருந்து ஓடுகிறது, படுக்கையில் சேர்ந்த நேரத்திலிருந்து இல்லை. எங்கள் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து சேர மூன்று மணி நேரம் ஆகியிருந்தால் மிச்சம் ஐந்துதான். அதனால் நான் முதலில் கேட்பது "எத்தனை மணிக்கு?"

13 ஜூலை, இரவு 9.50

தொண்டியிலிருந்து எழுதிய தம்பி சரியாகத்தான் பிடித்தார். இப்போது பெரியவர்களுக்கு 4க்குப் பதில் 2 மி.லி.யில் தொடங்கச் சொல்லும் வழிமுறையும் இருக்கிறது, மின்சாரத் தீக்காயத்துக்கு 4. அளவுக்கு மேல் ஊற்றினால் நுரையீரலும் வயிறும் வீங்கும். எந்தக் கணக்கில் தொடங்குவது என்பது டாக்டர் முடிவு. எங்கள் பங்கு, மூத்திரப் பையில் மணிக்கு எவ்வளவு சேர்கிறது என்று பார்ப்பது. பெரியவர்களுக்குக் கிலோவுக்கு அரை மி.லி., அறுபது கிலோவுக்கு மணிக்கு 30. குழந்தைக்குக் கிலோவுக்கு 1. கைக்குழந்தைக்குத் தலையே 18 சதவீதம், அதனால் பெரியவர் படத்தை வைத்துக் கணக்குப் போடாதே.

இன்னொன்று மறந்துவிட்டேன். புகை மூட்டத்திலிருந்து வந்தவருக்கு விரலில் மாட்டும் கருவி 99 காட்டும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தம் என்றே படிக்கும். எண்ணைப் பார்க்காமல் ஆக்சிஜன் கொடு.

16 ஜூலை, பகல் 2.10

பாம்பனிலிருந்து ஒரு அண்ணன் கேட்டது: "விரல் துண்டானா ஐஸ்ல போடலாமா? எங்ககிட்ட ஐஸுக்குப் பஞ்சமில்ல."

அதுதான் பிரச்சினை அண்ணே. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் விசைப்படகு கடலுக்குப் போனதும் வலை இழுக்கும் வின்ச்சில் கை மாட்டிய ஆட்கள் வரத் தொடங்குவார்கள். ஒருமுறை விரலை இறால் பெட்டிக்குள் ஐஸோடு ஐஸாகப் புதைத்து எடுத்து வந்தார்கள். பாசத்தோடு செய்தது. விரல் உறைந்து கருத்திருந்தது, ஒட்ட முடியவில்லை. சுத்தமான துணியை நல்ல தண்ணீரிலோ சலைனிலோ நனைத்துப் பிழிந்து விரலைச் சுற்று. பாலிதீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டு. அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீருக்குள் வை. ஐஸ் விரலில் படக்கூடாது, கடல் தண்ணீரிலும் போடக்கூடாது. ஆனால் இதெல்லாம் இரண்டாவது வேலை. முதலில் கையை அழுத்திப் பிடித்து உயரத் தூக்கு. எல்லோரும் விரலைத் தேடுகிற நேரத்தில் ஆள் ரத்தம் இழந்துகொண்டிருப்பார்.

20 ஜூலை, இரவு 11.40

பனையிலிருந்து விழுந்தவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

பெரியபட்டினம் பக்கத்திலிருந்து கயிற்றுக் கட்டிலில் போட்டு வேனில் கொண்டு வந்தார்கள். குழிந்த கட்டிலில் முதுகெலும்பு வில்லாக வளைந்திருந்தது. பிரஷர் 80. ரத்தப்போக்கு என்று நினைத்து வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூத்த சிஸ்டர் ஒருவர் என் கையைப் பிடித்து நோயாளியின் காலில் வைத்தார். கால் வெதுவெதுப்பாக இருந்தது. பல்ஸ் 54. ரத்தம் போகிறவருக்குக் கை கால் சில்லிட்டு, பல்ஸ் 120க்கு மேல் ஓடும். இவருக்குக் கழுத்துத் தண்டுவடம் நசுங்கி, ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கும் நரம்புகள் வேலையை விட்டுவிட்டன. ஆனாலும் அந்த சிஸ்டர் அடுத்துச் சொன்னது: "ரத்தப்போக்கு இல்லைன்னு ஸ்கேன் சொல்ற வரைக்கும் ரெண்டும் இருக்குன்னு நினை." இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

மரத்தடியில் இருப்பவர்களுக்கு: கையைக் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். கதவோ பலகையோ கொண்டு வாருங்கள். ஒருவர் தலையை மட்டும் பிடிக்க வேண்டும், எண்ணுவதும் அவரே, மற்றவர்கள் மரக்கட்டையைப் புரட்டுவது போல ஒன்றாகப் புரட்ட வேண்டும். முடிந்தால் 108 வரும்வரை அசைக்கவே வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து அவர் மனைவி போன் செய்தார். "தலை வெடிக்குதுங்கறாரு, மூஞ்சி செக்கச் செவேல்னு வேர்த்துக் கொட்டுது." உட்கார வையுங்கள், மூத்திர டியூப்பைப் பாருங்கள் என்றேன். தொடைக்கு அடியில் மடிந்து கிடந்தது. நிமிர்த்தியதும் பை நிறைந்தது, தலைவலி இறங்கியது. மார்புப் பகுதி முதுகெலும்பில் ஆறாவது எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அறுந்தவர்களுக்கு நிறைந்த மூத்திரப்பையோ மலச்சிக்கலோ பிரஷரை 200க்கு மேல் ஏற்றிவிடும், அதுவே மூளையில் ரத்தக் கசிவில் கொண்டு விடலாம். டிஸ்சார்ஜ் அன்று இதை வீட்டாருக்குச் சொல்லி அனுப்புவதும் அவசர சிகிச்சைதான் என்று நினைக்கிறேன். அந்த அம்மா இரண்டு மணிக்கொருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைத்தார். ஒரு படுக்கைப் புண் இல்லை.

24 ஜூலை, காலை 7.00

வலிப்புக்குச் சாவி. கையில் இரும்பு கொடுத்ததும் நின்றதே என்கிறீர்கள். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும், அந்த நேரத்தில்தான் சாவியைத் தேடி எடுத்திருப்பீர்கள். சாவியால் பெரிய கெடுதல் இல்லை, வாய்க்குள் கரண்டி வைப்பதுதான் கெடுதல், பல் உடைந்து மூச்சுக்குழாயில் போன கேஸ் பார்த்திருக்கிறேன். ஒருக்களித்துப் படுக்க வை, சுற்றி இருக்கும் கல்லை அகற்று, செல்போனில் நேரம் பார். 5 நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. முழித்ததும் சோடா, டீ கொடுக்க வேண்டாம்.

பக்கவாதத்துக்கும் அதே: வாயில் ஒன்றும் ஊற்றாதே. முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும், சர்க்கரை குறைந்தாலும் ஒரு பக்கம் விழுவது போலத் தெரியும். "கடைசியாக நல்லபடியாக இருந்தது எப்போது?" என்று கேட்டுக் குறித்துக்கொள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர், அதையும் கழித்துக்கொள்.

6 ஆகஸ்ட், இரவு 10.30

இன்றைக்கு வேறு எதையும் எழுத மனமில்லை. 2001 ஆகஸ்ட் 6, விடிவதற்கு முன், ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியின் கூரை பற்றியது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. நான் அப்போது நர்சிங் முதல் வருடம். தீக்காயத்துக்கு முதல் பராமரிப்பு நெருப்பிலிருந்து ஆளை விலக்குவது என்று அந்த மாதம்தான் படித்திருந்தேன். விலக வேண்டியவர்களின் காலில் பூட்டு இருந்தது.

அப்புறம் அந்த மாதிரி விடுதிகள் மூடப்பட்டன. 2017ல் வந்த மனநல பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடை செய்கிறது. மனநோய் தீர வேண்டி ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லாக் கதவும் மூடிய பிறகு வருகிறார்கள், அங்கே துஆவோடு, அதாவது வேண்டுதலோடு, மாத்திரையும் கிடைக்கிற ஏற்பாடு வந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

எங்கள் வார்டில் எப்போதாவது கட்ட வேண்டி வந்தால், டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, துணியால், இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டு. கால் மணிக்கொருமுறை விரல் நுனி நிறம், சூடு. தண்ணீர் வேண்டுமா, ஒன்றுக்குப் போக வேண்டுமா என்று கேட்பது. ஆளை விட்டு நகரக்கூடாது. சீக்கிரம் அவிழ்ப்பது.

7 ஆகஸ்ட், இரவு 9.15

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், "சத்தம் போடுற மனநோயாளிக்கு அப்போ கடைசி இடமா?" என்று கேட்டார். இல்லை. நான் ஜூலை 9ல் எழுதியது இங்கேதான் உடைகிறது.

கால் முறிந்து சேர்ந்த மீனவர் ஒருவர். இரண்டு நாள் தங்கமாக இருந்தார். மூன்றாம் நாள் ராத்திரி வேர்த்து நடுங்கி, படுக்கையில் உட்கார்ந்து காற்றில் வலை இழுக்கத் தொடங்கினார். கை மாற்றிக் கை மாற்றி, மடிப்பு மடிப்பாக. "கொண்டல் காத்து வருதுடா, இழு" என்று கத்தினார். பேய் பிடித்துவிட்டது, ஏர்வாடிக்குக் கூட்டிப்போகிறோம் என்று வீட்டார் கிளம்பினார்கள். தினமும் குடிக்கிறவருக்குத் திடீரென்று நின்றால் இரண்டு மூன்று நாளில் வரும் குழப்பம் அது, விட்டால் உயிரே போகும். சர்க்கரை பார்த்தோம், ஆக்சிஜன் பார்த்தோம், தலையில் அடி உண்டா என்று மறுபடி பார்த்தோம். தயமின் (பி1 வைட்டமின்) ஊசி முதலில், குளுக்கோஸ் அதற்குப் பிறகு. லைட்டைப் போட்டு, மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நாலாம் நாள் எதுவும் நினைவில்லாமல் கஞ்சி கேட்டார்.

ஆகவே திடீரென்று கத்துகிறவருக்கு மூச்சு, சர்க்கரை, காய்ச்சல், தலை இந்த நாலையும் பார்த்த பிறகுதான் மனநோய் என்ற பேச்சு. சத்தமா அமைதியா என்பதை நான் தவறாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் முன்னால் எப்படி இருந்தார், இப்போது எப்படி மாறியிருக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும் தங்கச்சி.

11 ஆகஸ்ட், இரவு 12.20

நாலாவது ஆள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண். ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டேன்.

அப்படி ஒரு பெண் என் ஷிஃப்டில் இருந்தார். இரண்டு நாள் அழுதுகொண்டே இருந்தவர் மூன்றாம் நாள் தெளிந்து, தலை வாரி, "நீங்க போய்ச் சாப்பிடுங்க சிஸ்டர்" என்று சிரித்தார். நானும் நிம்மதியாகிக் குறிப்பு எழுதப் போனேன். ஆயா அம்மாதான் ஏதோ தோன்றிப் பாத்ரூம் வாசலில் போய் நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். அதனால்தான் அந்தப் பெண் இன்று இருக்கிறார். திடீர்த் தெளிவு சில நேரம் முடிவெடுத்துவிட்டதால் வருகிறது என்று படித்திருந்தேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.

மூச்சுப் பாதை கணக்கில் அவர் நாலாவதுதான். ஆனால் முதல் நிமிடத்திலேயே அவர் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும், நர்ஸ் இல்லாவிட்டால் ஆயா. துப்பட்டா, கண்ணாடி, மருந்து எதுவும் எட்டாத இடம். "சாகணும்னு இப்பவும் தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, பலர் கேட்டதும் அழுது இறக்கி வைக்கிறார்கள். நர்ஸ்கள் சிலர் "நாடகம்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அந்த ஒரு சொல் வார்டில் வேண்டவே வேண்டாம். போலீஸ் பயத்தில் உண்மையை மறைக்கும் வீட்டாரிடம் நான் சொல்வது: 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு, கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே கருத வேண்டும் என்கிறது, தண்டனை இல்லை. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அந்த எண்ணம் வந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ், இரவு பகல் எப்போதும், தமிழில் பேசலாம், காசில்லை.

17 ஆகஸ்ட், மாலை 5.45

நாளையிலிருந்து காஷுவாலிட்டி போஸ்டிங் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். பேனா டார்ச் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள், கூடவே ஒரு பேட்டரியும். செல்போன் வெளிச்சத்தில் கண் பாப்பா பார்க்காதே, அது பரந்து விழும், இரண்டு கண்ணையும் ஒப்பிட முடியாது. கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, நேரத்தை மட்டும் தெளிவாக எழுது. அந்த வார்டு ஆயாவின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்.